ஓடையில் மானி 9.8, வின்க்ளர் 8.0: எதை நம்புறது?

#1 தேயிலைக்கான்

வணக்கம். நானுஓயாப் பக்கம், ஏறக்குறைய 1600 மீற்றர் உயரத்தில், தேயிலை மலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் நடுவில் ஓடும் ஒரு ஓடை. காலை 8 மணி, தண்ணீர் 16 பாகை செல்சியசு. ஒளியியல் உணரி உள்ள ஒட்சிசன் மானியை ஓடைக்கரையிலேயே ஈரக்காற்றில் வைத்து 100 சதவீதத்துக்குச் சரிசெய்துவிட்டுத்தான் இறக்கினேன். லீற்றருக்கு 9.8 மில்லிகிராம், 99 சதவீத நிரம்பல் காட்டுது. அதே இடத்தில் வின்க்ளர் முறைக்கு (கரைசல்களைச் சேர்த்து இரசாயன முறையில் ஒட்சிசனை அளப்பது) எடுத்த மூன்று போத்தலும் 8.0, 8.1, 7.9.

போன மாதம் இதே மானியைக் கொழும்பில் சரிசெய்து, இங்கே வந்து எதையும் தொடாமல் அளந்தபோது 8.1, 82 சதவீதம். அந்த 82ஐ வைத்து, 'உரமும் கோழி எருவும் கலந்து ஒட்சிசன் குறைந்திருக்கிறது' என்று ஆய்வறிக்கையில் ஒரு பந்தியும் எழுதியாச்சு. இப்போ எது சரி? மானி பழுதா, என் வின்க்ளர் நியமிப்புப் (titration) பிழையா, இல்லை ஒரே மாதத்தில் ஓடை திருந்திடுச்சா?

#2 பனிமூட்டம்

உணரியின் மூடி காலாவதியாகியிருக்கும். மாத்திப் பாருங்க.

#3 அளவி

மூடியை மாற்ற வேண்டாம், வீண் செலவு. மானியும் சரி, நியமிப்பும் சரி. பிழை காற்றமுக்கத்தில்.

உணரிக்குத் தெரிவது ஒட்சிசனின் பகுதியமுக்கம் (மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கு) மட்டும்தான். மில்லிகிராமும் சதவீதமும் அதிலிருந்து மானி போடும் கணக்கு. 16 பாகையில், கடல் மட்டத்தில், காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீர் லீற்றருக்கு 9.87 மில்லிகிராம் ஒட்சிசன் வைத்திருக்கும். 1600 மீற்றரில் காற்றமுக்கம் ஏறக்குறைய 835 ஹெக்டோபாஸ்கல்தான். அங்கே அதே தண்ணீர் எவ்வளவு குதித்துக் கொட்டினாலும் 8.1க்கு மேல் வைத்திருக்காது.

இந்த மாதம் நீங்கள் கரையில் வைத்து 'இதுதான் 100' என்று சொன்னபோது, மானிக்குள் இருந்த அமுக்கம் 1013. அதனால் அது 100 சதவீதத்துக்கு நேரே 9.87 என்று எழுதிக்கொண்டது. சதவீதம் சரி, மில்லிகிராம் பிழை. போன மாதம் நடந்தது இதற்கு நேர் எதிர். கொழும்பில் 1013க்குச் சரிசெய்த மானி மேலே வந்தும் பகுதியமுக்கத்தை ஒழுங்காகத்தான் அளந்தது. ஆகவே 8.1 சரி. ஆனால் சதவீதத்துக்கு அது கொழும்பின் 9.87ஆல் வகுத்தது, 82 வந்தது. நானுஓயாவின் 8.1ஆல் வகுத்தால் 100.

ஓடை இரண்டு மாதமும் ஒரே நிலையில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பந்தியை எடுத்துவிடுங்கள்.

#4 தேயிலைக்கான்

நன்றி அண்ணா. ஆனா ஒரு சந்தேகம். அமுக்கத்தை நான் சும்மா விடல. தொலைபேசியின் வானிலைச் செயலியில் நுவரெலியாவுக்கு 1013 என்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் போட்டேன்.

#5 அளவி

அங்கேதான் எல்லோரும் விழுவது. வானிலைச் செயலியும் செய்தியும் சொல்வது கடல் மட்டத்துக்கு மாற்றிய அமுக்கம். ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்காக உயரத்தைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். அதைப் போட்டால் திருத்தம் செய்யாததற்குச் சமம். மானிக்கு வேண்டியது நிற்கும் இடத்தின் நேரடி அமுக்கம். பல தொலைபேசிகளில் அமுக்க உணரி உள்ளேயே இருக்கும். அதை நேரே வாசிக்கும் செயலி வேறு, வானிலைச் செயலி வேறு. உணரி இல்லாவிட்டால் உயரத்திலிருந்து கணக்குப் போடலாம்: மீற்றரை 0.0000225577ஆல் பெருக்கி, 1இலிருந்து கழித்து, 5.256ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 1013ஆல் பெருக்க வேண்டும். நம் நாட்டில் வானிலையால் அமுக்கம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது சில ஹெக்டோபாஸ்கல்தான், அந்தப் பிழை பெரிதில்லை. உயரத்தால் வருவது 180. அதைத்தான் விடக்கூடாது.

16 பாகைக்கே ஒப்பிட்டால் கண்டியில் (500 மீற்றர்) 9.3, ஹட்டனில் (1270) 8.4, நுவரெலியாவில் (1870) 7.8, ஹோர்ட்டன் சமவெளியில் (2100) 7.6. பழைய அறிக்கைகளில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைக்கு 9.5, 10 என்று குளிர்ந்த தண்ணீர் எண்கள் கண்ணில் பட்டால், முதலில் வெப்பநிலையைப் பாருங்கள், அடுத்து அமுக்கம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் அந்த எண்ணை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

#6 உப்புக்காற்று

கடல் பக்கம் வேலை செய்யிறவங்களுக்கு இது பழகின தலையிடிதான், காரணம் மட்டும் வேற. 20 பாகையில் நன்னீர் 9.1 வைத்திருக்கும், 35 உப்புத்தன்மை உள்ள கடல்நீர் 7.4தான். அங்கே உப்புத்தன்மையைப் போட மறந்தா மானி கூட்டிக் காட்டும், இங்கே உயரத்தைப் போட மறந்தா கூட்டிக் காட்டும். கடல் உயிரியல் படிக்கப் போற மலையகப் பிள்ளைகள் இந்த ஓடையில் மானி பிடிக்கப் பழகினா, பிறகு படகில் நின்று உப்புத்தன்மையை விட மாட்டாங்க.

வின்க்ளர் முறை 1888இல் வந்தது. இன்னைக்கும் ஆய்வுக் கப்பல்களில் உணரியைச் சரிபார்க்க அதைத்தான் செய்யிறாங்க. மூன்று போத்தலும் 0.2க்குள் வந்திருக்கே தம்பி, கை சுத்தம்.

#7 பனிமூட்டம்

மூடியைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். யாராவது அந்த வின்க்ளரைப் படிப்படியாச் சொல்ல முடியுமா? எங்க பாடசாலை ஆய்வுகூடத்தில் அளவி (பியூரெட்), குழாயி (பிப்பெட்) எல்லாம் இருக்கு, மானி இல்ல.

#8 அளவி

பாடசாலைக்கு மானியைவிட இதுதான் நல்லது. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

300 மில்லிலீற்றர், கண்ணாடி அடைப்பான் உள்ள போத்தல் வேண்டும். அடைப்பானின் அடி சாய்வாக வெட்டியிருக்க வேண்டும், குமிழி தங்காது. போத்தலை நீரோட்டத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தால் தண்ணீர் குளுகுளுவென்று காற்றைக் கலக்கிக்கொண்டு உள்ளே போகும். முதல் பிழை அங்கேயே ஆரம்பம். வாயை ஓட்டம் போகும் பக்கம் திருப்பி, மெல்லச் சாய்த்து அமிழ்த்துங்கள். இடமிருந்தால் மெல்லிய குழாயைப் போத்தலின் அடிவரை விட்டு, இரண்டு மூன்று போத்தல் அளவு தண்ணீர் வழிந்து போகும்வரை நிரப்புவது இன்னும் நல்லது. மூடியபின் தலைகீழாகப் பிடித்துக் குமிழி இருக்கிறதா பாருங்கள். கடுகளவு இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்து மாங்கனீசு சல்பேற்றுக் கரைசல் 1 மில்லிலீற்றர், பிறகு கார அயடைட்டு அசைட்டுக் கரைசல் 1 மில்லிலீற்றர். குழாயியின் நுனி தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே குழாயியை மாற்றிப் பாவித்தால் கரைசல் போத்தலுக்குள்ளேயே வீழ்படிவு வந்து முழுப் போத்தலும் நாசம். மூடி, பதினைந்து தடவையாவது தலைகீழாகத் திருப்புங்கள். கபில நிற வீழ்படிவு வந்தால் ஒட்சிசன் இருக்கிறது. பால் வெள்ளையாகவே நின்றால் ஒட்சிசன் இல்லை. ஓடையில் அது வந்தால் கரைசலைச் சந்தேகப்படுங்கள், சாக்கடைக் கானில் வந்தால் நம்பலாம். வீழ்படிவு பாதிக்குக் கீழே இறங்கியதும் இன்னொரு தடவை திருப்பிக் கலக்கி மறுபடி இறங்க விடுங்கள். நம் குளிரில் இது இறங்க நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள்.

பிறகு செறிந்த சல்பூரிக்கமிலம் 1 மில்லிலீற்றர், கழுத்தோரமாக. மூடித் திருப்பினால் வீழ்படிவு கரைந்து தேத்தண்ணி நிறத்தில் தெளிவாகும். அந்த நிறம்தான் அயடீன். கரையாமல் துகள் நின்றால் இன்னும் சில துளி அமிலம் விடலாம். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் வெயில் படாமல் வைத்துச் சில மணி நேரத்துக்குள் நியமிக்கலாம்.

201 மில்லிலீற்றர் எடுத்து, 0.025 மோலர் சோடியம் தயோசல்பேற்றால் நியமியுங்கள். அந்த 1 மில்லிலீற்றர் நாம் ஊற்றிய கரைசல்கள் தள்ளிய தண்ணீருக்கான திருத்தம். இப்படிச் செய்தால் அளவியில் இறங்கும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் ஒட்சிசன், வேறு கணக்கே தேவையில்லை. மாப்பொருளை வைக்கோல் வெளிர்மஞ்சள் வந்தபிறகுதான் விட வேண்டும். முதலிலேயே விட்டால் அயடீன் மாப்பொருளோடு இறுகப் பிடித்துக்கொண்டு நீலம் போகாது, அளவு தாண்டிவிடும். நீலம் மறைந்த கணத்தில் வாசியுங்கள். சற்று நேரத்தில் திரும்ப நீலம் வந்தால் அதைத் துரத்தாதீர்கள்.

தயோசல்பேற்று நாளாக ஆக வலு குறையும். வலு குறைந்தால் அதிகம் இறங்கும், ஒட்சிசன் கூடியதுபோல் தெரியும். பொற்றாசியம் அயடேற்றை வைத்து ஒவ்வொரு முறையும் அதன் செறிவைச் சரிபாருங்கள்.

முக்கியம்: அசைட்டு நஞ்சு, அமிலம் பட்டால் நச்சு வாயுவும் வரும். கழிவை ஓடையிலோ பீலிக்கரையிலோ ஊற்றக்கூடாது. மூடிய கலனில் திருப்பிக் கொண்டுபோங்கள். செறிந்த அமிலப் போத்தலைப் பையில் வைத்து பஸ்ஸில் ஏறுவதும் வேண்டாம்.

#9 பீலிக்கரை

எல்லாம் சரி, ஆனா ஓடையின் கதையை ஒட்சிசனில் தேடுறதே பிழை என்பது என் எண்ணம். நம்ம ஓடைகள் பாறையில் விழுந்து எழும்பித்தான் வருது. பத்து மீற்றர் வெள்ளை நுரையா ஓடினா, குறைஞ்ச ஒட்சிசனும் திரும்ப ஏறிடும். உரக் கழிவு கலந்த ஓடையிலும் காலை 8 மணிக்கு 100 சதவீதம் காட்டும். அருவி விழுற மடுவில் குமிழி ஆழத்துக்கு இழுபட்டுப் போறதால 100ஐத் தாண்டியும் காட்டும், அதை மானிப் பிழைனு நினைக்கக் கூடாது.

ஒட்சிசனில் மாசு தெரியணும்னா நீர் தேங்குற இடத்தில், விடியுறதுக்கு முந்தி அளக்கணும். இரவு முழுக்கப் பாசியும் பக்டீரியாவும் சுவாசிச்சு முடிச்ச நேரம் அது. பின்னேரம் 3 மணிக்கு அளந்தா பாசி ஒளித்தொகுப்பு செய்து ஏத்தி வச்சிருக்கும். இந்த இரண்டு நேர வித்தியாசம்தான் பேசும். கிரகரி வாவி மாதிரி தேங்கின நீரில் இது நல்லாத் தெரியும், ஓடும் ஓடையில் கொஞ்சம்தான்.

மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே என்றால் நைத்திரேற்று, கடத்துதிறன் (கரைஞ்ச உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்தல்) இரண்டையும் பாருங்க. தோட்டத்துக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், அதே நாளில். மேலே 30 மைக்ரோசீமன்ஸ், கீழே 110 என்றால் நடுவில் என்ன நடந்ததுனு தேடலாம். கீழே மட்டும் அளந்துட்டு 'கூட' என்று எழுதினா எதைவிடக் கூட?

#10 வெள்ளைத்தட்டு

பீலிக்கரை சொல்றதோடு முழுக்க உடன்படுறேன். நைத்திரேற்றும் அந்த நிமிடத்துக் கதைதான். மருந்தடிச்சு இரண்டு நாள் கழிச்சுப் போனா தண்ணீரில் ஒன்றும் இருக்காது. ஆனா அங்கேயே மாதக்கணக்கா வாழுற பூச்சிக் குடம்பிகள் (புழுப் பருவம்) தப்பியிருக்காது. அதனால் கல்லைத் திருப்புங்க.

வலை: ஆங்கில 'D' எழுத்து வடிவச் சட்டம், கண்ணளவு 500 மைக்ரோமீற்றர். நம்ம மேஃபிளை என்ற நீர்ப்பூச்சியின் அணங்குகள் (இளம் பருவம்) சின்னது, 1 மில்லிமீற்றர் வலையில் பாதி போயிடும். 250 போட்டா நுண்மணல் அடைச்சுத் தண்ணீர் பின்னுக்குத் தள்ளும், பிடிபட்டது வெளியே வந்துடும். 500தான் நடுநிலை.

ஐம்பது மீற்றர் நீளத் துண்டு ஒன்றைத் தெரிவு செய்து, கீழிருந்து மேலே போங்க. மேலிருந்து வந்தா நீங்க கலக்கினதே உங்க அடுத்த மாதிரிக்குள் வந்து விழும். சட்டத்தை அடியில் அழுத்தி வச்சு, அதுக்கு மேல்பக்கம் காலால் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கிளறணும். மொத்தம் மூன்று நிமிடம், நிறுத்தற்கடிகாரத்தில், கிளறும் நேரம் மட்டும். அதை நுரை ஓட்டம், மடு, இலைக்குப்பை, வேரோரம் என்று அங்கே எது எவ்வளவு இருக்கோ அந்த விகிதத்தில் பிரிச்சுக்கோங்க. அதுக்கு மேலே ஒரு நிமிடம் கையால் கல் தேடல். சல்லிக்காசு மாதிரிப் பாறையில் தட்டையா ஒட்டியிருக்கிற வண்டுக் குடம்பி காலால் கிளறினா கழலாது, நகத்தால்தான் எடுக்கணும். திருப்பின கல்லை அதே பக்கம் கீழே இருக்கிற மாதிரித் திரும்ப வைங்க.

போத்தலில் போடும்போது ஒரு பங்கு மாதிரிக்கு மூன்று பங்கு 95 சதவீத எத்தனோல். 70 சதவீதத்தை நேரே ஊத்தினா, இலையிலயும் உயிர்களிலயும் இருக்கிற தண்ணீர் சேர்ந்து 50க்கு இறங்கி, ஒரு வாரத்தில் எல்லாம் கூழாகிடும். அடுத்த நாளே ஒரு தடவை வடிச்சுப் புதுசு ஊத்துங்க. மரபணு வேலைக்கு வேணும்னா எப்பவும் 95க்குக் கீழே இறங்க விடாதீங்க.

அடையாளச் சீட்டு போத்தலுக்கு உள்ளே, பென்சிலால். பந்துமுனைப் பேனா மை எத்தனோலில் கரைஞ்சு, மூன்று மாதம் கழிச்சு வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வெளியே எழுதினதும் கசிஞ்ச எத்தனோலில் அழிஞ்சு போகும்.

#11 பனிமூட்டம்

அதை வீட்டுக்குக் கொண்டு வந்தபிறகு?

#12 வெள்ளைத்தட்டு

வந்தபிறகுதான் வேலையே. ஓடையில் கழியிறது அரை நாள். ஒரு மாதிரியைப் பிரிச்சு எடுக்க ஒரு முழு நாள் போகும், அடையாளம் காண இன்னொரு நாள். நீர்வாழ் உயிரியலாளர் என்றா நீச்சலும் கடலும்தான் எல்லோருக்கும் நினைப்பு வருது. பத்தில் எட்டு பங்கு வெள்ளைத் தட்டுக்கு முன்னால குனிஞ்சு இருக்கிறதுதான்.

500 மைக்ரோமீற்றர் சல்லடையில் கழுவி, ஐந்து சென்ரிமீற்றர் கட்டம் போட்ட வெள்ளைத் தட்டில் சமமாப் பரப்புங்க. சீட்டுக் குலுக்கி ஒரு கட்டம் தெரிவு செய்து, அதில் இருக்கிற எல்லாத்தையும் எடுங்க. 300 உயிர் சேரும்வரை அடுத்தடுத்த கட்டம். 300 வந்தாலும் தொடங்கின கட்டத்தை முடிக்கணும். 'பெருசா அழகா இருக்கிறதை' பொறுக்கினா தும்பிக் குடம்பிதான் நிறைய வரும், எண்ணிக்கை பொய்யாகும்.

மேஃபிளையையும் அதைப் போலவே இருக்கிற ஸ்டோன்ஃபிளை என்ற நீர்ப்பூச்சியையும் வால் எண்ணிப் பிரிக்காதீங்க. மேஃபிளைக்கு மூன்று வால் என்பாங்க, இரண்டு வால் உள்ளதும் இருக்கு, எத்தனோலில் உடையவும் செய்யும். கால் நுனியைப் பாருங்க: மேஃபிளைக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. பூக்கள் வயிற்றின் இரண்டு பக்கமும் இலை மாதிரி வரிசையா இருந்தா மேஃபிளை. நெஞ்சடியில் குஞ்சம் குஞ்சமா இருந்தா ஸ்டோன்ஃபிளை.

#13 தேயிலைக்கான்

வெள்ளைத்தட்டு அக்கா, 'பூ' என்றது செவுள்தானே? :) இன்னொன்று. என் மூன்று மாதிரியிலும் ஸ்டோன்ஃபிளை ஒன்றுகூட இல்லை. பாடநூல் படி அது இல்லாட்டி நீர் கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

#14 வெள்ளைத்தட்டு

செவுள்தான், பூ என்று பேசிப் பேசிப் பழகிட்டோம். :)

அந்தப் பாடநூல் குளிர் நாட்டுக்கு எழுதினது. இலங்கையில் ஸ்டோன்ஃபிளை வகையே மிகக் குறைவு, நியோபெர்லா பேரினம் மட்டும்தான் பெயர் சொல்லக் கிடைக்கும். அது கிடைச்சா சந்தோசம், கிடைக்காட்டி ஒன்றும் சொல்ல முடியாது. மேஃபிளையும் கூடு கட்டும் கடிஸ் புழுவும்தான் இங்கே நமக்குச் சாட்சி.

பிஎம்டபிள்யூபி (BMWP) என்று, கிடைச்ச உயிர்க் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டு நீரின் தரம் பார்க்கிற முறையும் பிரித்தானிய ஆறுகளுக்குச் செய்தது. ஹெப்டஜீனிடே (தட்டை மேஃபிளை) 10, லெப்டோஃபிளபிடே (இன்னொரு மேஃபிளைக் குடும்பம்) 10, ஹைட்ரோப்சைக்கிடே (கடிஸ்) 5, கறுப்பு ஈக் குடம்பி 5, பீட்டிடே (இதுவும் மேஃபிளை) 4, கைரோனொமிடே (கொசு மாதிரி ஈயின் புழு) 2, மண்புழு இனம் 1. கூட்டின புள்ளியைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பாங்க. மேலே சொன்னதில் கடைசி ஒன்றை விட்டு ஆறும் இருந்தா 36, சராசரி 6.0. இந்த எண்ணை 'நல்ல நீர்' என்று அறிக்கையில் தனியா எழுதாதீங்க. தோட்டத்துக்கு மேல் 6.0, கீழ் 3.7 என்று ஒப்பிட்டா அது பேசும். மொத்தப் புள்ளியைவிடச் சராசரியை நம்புங்க. மொத்தம், எவ்வளவு நேரம் கிளறினீங்க என்பதைப் பொறுத்து ஏறும்.

சிவப்புப் புழு கண்டவுடனே சாக்கடை என்றும் எழுத வேண்டாம். அந்தச் சிவப்பு ஈமோகுளோபின், ஒட்சிசன் குறைஞ்ச சேற்றில் பிழைக்க உதவுது. ஆனா கைரோனொமிடே பெரிய குடும்பம், சுத்தமான பாறையிலும் அதில் நிறைய இருக்கு. இருக்கா இல்லையா என்று பார்க்காம, மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்க.

#15 உப்புக்காற்று

கிளறல் வலைக்குப் பதிலா சேர்பர் சட்டம் போட்டா பரப்பளவு தெரியும், 30 க்கு 30 சென்ரிமீற்றர், 0.09 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு எத்தனை என்று எழுதலாம். கடலடியில் அப்படித்தான் எழுதுவோம்.

#16 வெள்ளைத்தட்டு

மணலும் கூழாங்கல்லும் உள்ள ஆத்துக்கு அது சரி. நம்ம ஓடையில் ஒரு கல்லே அந்தச் சட்டத்தைவிடப் பெருசு. சட்டம் அடியில் பொருந்தாது, கீழால் தண்ணீரும் பூச்சியும் ஓடிடும். 30 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமானா கையும் எட்டாது. அப்படிக் கிடைச்ச 'சதுர மீற்றருக்கு' என்ற எண்ணில் கணக்கு மட்டும்தான் துல்லியம்.

#17 அளவி

காரஅமிலத்தன்மை (pH) அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலை ஓடையில் கரைந்த உப்பு மிகக் குறைவு, மின்வாய் நிலைகொள்ளத் திணறும். 6.2, 6.5, 6.9 என்று ஊர்ந்துகொண்டே போகும். ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள், ஓடும் தண்ணீரில் பிடிக்காமல் ஒரு முகவையில் அசையாமல் வையுங்கள். தாங்கற்கரைசலிலிருந்து (மின்வாயைச் சரிசெய்யும் கரைசல்) எடுத்த மின்வாயை ஓடைத் தண்ணீரால் மூன்று தடவை கழுவாமல் வைத்தால் நீங்கள் அளப்பது தாங்கற்கரைசலின் மிச்சத்தை.

#18 பனிமூட்டம்

இதுக்கெல்லாம் அனுமதி ஏதும் வேணுமா? பாடசாலைப் பிள்ளைகளோட போறதுக்கு?

#19 பீலிக்கரை

தண்ணீர் அளக்கத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டாப் போதும், ஓடை தோட்டத்துக்குள்ள இருந்தா. ஹோர்ட்டன் சமவெளி மாதிரி தேசியப் பூங்காவுக்குள் ஒரு இலைகூட எடுக்க வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேணும், ஒதுக்குக் காட்டுக்கு வனத் திணைக்களம். பிள்ளைகளோட போனா பிடிச்சு, தட்டில் பார்த்து, படமெடுத்து, திரும்ப விடுங்க. எத்தனோலும் எளிதாக் கிடைக்காது, மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் இருக்கு, நிறுவனத்தின் வழியாத்தான் எடுக்கணும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புறதுக்கு வேற அனுமதி.

நண்டைக் கட்டாயம் விட்டுடுங்க. இலங்கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள், ஏறக்குறைய எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. எத்தனோலில் போட்டா காலை வேற உதறிடும்.

போகும் காலம்: மேற்குச் சரிவுக்கு பெப்ரவரி, மார்ச். தென்மேல் மழை தொடங்கினா ஓடை கழுவிப் போயிடும், வெள்ளம் வடிஞ்சு இரண்டு மூன்று வாரமாவது விடணும். இல்லாட்டி வெள்ளம் கொன்றதை உரம் கொன்றதா எழுதுவீங்க. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு மாறும், அங்கே வடகீழ் மழைதான் பெருசு, ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி.

அணைக்கோ மின்நிலையத்துக்கோ கீழே இறங்க வேண்டாம். வெயில் நாளிலும் திறப்பாங்க. மற்ற இடத்தில், தண்ணீரில் திடீர்னு இலையும் சருகும் மிதந்து வந்தா, நிறம் மாறினா, கல் உருளுற சத்தம் கேட்டா, வலையை விட்டுட்டு ஏறுங்க. அட்டைக்குப் பயந்து பூச்சி விரட்டி மருந்தைக் கையில் தடவிக்கிட்டு மாதிரியைத் தொடாதீங்க. அட்டைக் காலுறை போடுங்க. காலில் புண் இருந்தா எலிக்காய்ச்சல் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்க.

#20 தேயிலைக்கான்

உப்புக்காற்று அண்ணாவிடம் ஒரு கேள்வி, தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. கடல் உயிரியலுக்கு மேற்படிப்புப் போக விருப்பம். இந்த ஓடை வேலையை அங்கே கணக்கில் எடுப்பாங்களா?

#21 உப்புக்காற்று

எடுப்பாங்க. மாதிரி எடுக்கிற ஒழுக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். ருகுணுப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில், கடல் விஞ்ஞானத்துக்குத் தனிப் பீடமே இருக்கு. யாழ்ப்பாணத்தில் மீன்பிடியியல் துறை. 1981இல் தொடங்கின நாரா (NARA) என்ற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் கடலோடு உள்நாட்டு நீரையும் சேர்த்துத்தான் பார்க்குது. வேலை என்று பார்த்தா இடங்கள் குறைவு, பொய் சொல்லக் கூடாது. நீர் வழங்கல் சபை ஆய்வுகூடம், சின்ன நீர்மின் திட்டங்களுக்கான சுற்றாடல் மதிப்பீடு, இதிலெல்லாம் ஓடை தெரிஞ்ச ஆளைத்தான் தேடுவாங்க.

ஆய்வுத் தலைப்பு தேடுறீங்க என்றா கடலும் மலையும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கு: விலாங்கு. கடலில் முட்டையிட்டு, கண்ணாடி மாதிரிக் குஞ்சா ஆத்து வாய்க்கு வந்து, ஆத்தோட மேலே ஏறி வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்குப் போறது. களனி கங்கையின் தலையில் கெஹெல்கமு ஓயாவில் காசல்ரி, மஸ்கெலிய ஓயாவில் மவுஸ்ஸாகலை, அதுக்குக் கீழே நோர்ட்டன், கனியன், லக்சபான என்று வரிசையா அணைக்கட்டு. எந்த அணைக்குக் கீழே வரை விலாங்கு இருக்கு என்று பார்த்தாலே ஒரு ஆய்வு. அதன் காதுக் கல்லை வெட்டிப் பார்த்தா மரத்து வளையம் மாதிரி வயது தெரியும்; அதில் ஸ்ரொன்சியத்துக்கும் கல்சியத்துக்கும் உள்ள விகிதம், எந்த வயதில் உப்பு நீரில் இருந்தது, எப்போ நன்னீருக்கு வந்தது என்று காட்டும். பெரிய ஆத்து இறாலில் பலதுக்கும் இதே பிரச்சினை, குடம்பிக்கு உவர்நீர் வேணும்.

பீலிக்கரை சொன்ன மலை நண்டு இதுக்கு நேர்மாறு. அதுக்குக் குடம்பிப் பருவமே இல்ல. முட்டையிலிருந்து குட்டி நண்டாவே வந்து தாயின் வயிற்று மடிப்பில் கொஞ்ச நாள் இருக்கும். கடலுக்குப் போகத் தேவையில்ல, அதனால் பரவவும் முடியாது. ஒரு மலைக்கு ஒரு இனம் என்று பிரிஞ்சதுக்கு அது ஒரு காரணம். அந்த மலையின் ஓடை போனா இனமும் போச்சு.

#22 தேயிலைக்கான்

அமுக்கத்தை 835 என்று போட்டு இன்று காலை மறுபடி சரிசெய்து அளந்தேன். 15.5 பாகை, 8.1 மில்லிகிராம், 99 சதவீதம். வின்க்ளர் 8.0. 'ஒட்சிசன் குறைந்திருக்கிறது' பந்தியை அழிச்சாச்சு.

கடத்துதிறன் மரக்கறித் தோட்டத்துக்கு மேலே 34, கீழே 96. மேலேயும் கீழேயும் மூன்று மூன்று நிமிடம் கிளறி எடுத்திருக்கேன், நாளைக்குத் தட்டில் பரப்பணும். மேல் மாதிரியில் தட்டை மேஃபிளை கண்ணுக்கே தெரியுது. கீழே வெறும் கறுப்பு ஈக் குடம்பி மாதிரித்தான் இருக்கு, எண்ணாம சொல்லல.

#23 வெள்ளைத்தட்டு

எண்ணுங்க முதல்ல. எத்தனோல் மாத்தியாச்சா?

#24 தேயிலைக்கான்

இப்பத்தான் மாத்தினேன். சீட்டும் பென்சிலால்தான் அக்கா.